மாஸ்டடானில் நண்பரின் பக்கம் காலியாகத் தெரிவது

மாஸ்டடான் என்பது பல தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளம். வேறு சர்வரில் இருக்கும் நண்பரின் பக்கத்தில் 300 பதிவுகள் என்று எண்ணிக்கை மட்டும் காட்டுகிறது, பதிவு ஒன்றுகூட இல்லை என்றீர்களே, அந்த 300 பதிவுகளும் எங்கும் போகவில்லை, உங்கள் சர்வருக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உங்கள் சர்வரிலிருந்து அவரைப் பின்தொடரும் முதல் ஆள் அநேகமாக நீங்கள்தான். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை வழியாகப் புதுப் பதிவுகள்தான் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்குப் போகும். பழையவை தானாக வராது.

அவருடைய சர்வரிலேயே பக்கத்தைத் திறந்து, ஒரு பழைய பதிவின் முகவரியை நகலெடுங்கள். அப்புறம் உங்கள் கணக்கில் லாகின் செய்து, தேடல் பெட்டியில் அதை ஒட்டுங்கள். பதிவு வந்துவிடும், பதிலும் எழுதலாம்.

ஆனால் அந்த ஒரு பதிவுதான் வரும். அதுவும் வரவில்லையென்றால் இரண்டில் ஒரு சர்வர் மற்றதைத் தடுத்திருக்கலாம்; உங்கள் நிர்வாகியிடம் கேளுங்கள்.