வெள்ளியும் வியாழனும்: கடற்கரைக்கு ஓடணுமா, மாடியே போதுமா?

கேள்வி: 2026 ஜூன் 9 மாலை வெள்ளியும் வியாழனும் மிகப் பக்கத்தில் தெரியும் என்று படித்தேன். நாங்கள் மும்பை செம்பூரில், ஐந்து மாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். பையனுக்கு வாங்கிய சின்ன டெலஸ்கோப் இருக்கிறது. குழாயில் 70 மிமீ, 900 மிமீ என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு ஜுஹூ கடற்கரைக்குப் போக வேண்டுமா? மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?
(செம்பூரிலிருந்து ஒரு வாசகி)

ஜுஹூ வேண்டாம். போய்வருகிற நேரத்தையும் ஆட்டோக் காசையும் மிச்சம் பிடியுங்கள்.

கிரகச் சேர்க்கை என்றதும் கடற்கரை ஞாபகம் வருவதற்குக் காரணம் உண்டு. பல சேர்க்கைகள் சூரியனுக்கு அருகில், அடிவானத்தை ஒட்டி நடக்கும். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நிலா வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கியபோது இருட்டுவதற்குள் அவை கீழே இறங்கிவிட்டன. இந்த முறை அப்படி இல்லை. இரண்டு கிரகமும் சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 38 டிகிரி தள்ளி நிற்கின்றன. மும்பையில் அன்று சூரியன் மறைவது சுமார் 7.15க்கு. அரை மணி கழித்து, 7.45க்கு, அவை 28 டிகிரி உயரத்தில் இருக்கும். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஆக, அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டரைக்கும் இரண்டு முஷ்டி உயரம் பாக்கி இருக்கும். மறைய ஒன்பதே முக்கால் தாண்டிவிடும்.

பார்க்க வேண்டிய திசை மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. எதிர்க் கட்டடம் மறைக்குமா என்ற சந்தேகத்துக்கு ஒத்திகைதான் பதில். ஒரு வாரம் முன்பே 7.45க்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். மேற்கே முதலில் கண்ணில் படுகிற பளீர் வெள்ளைப் புள்ளி வெள்ளிதான். ஒன்பதாம் தேதியும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும். அது இப்போது தெரிந்தால் அன்றைக்கும் தெரியும். ஆடாமல் நின்றால் கிரகம்; நகர்ந்துகொண்டே வந்தால் ஏர்போர்ட்டுக்கு வரும் விமானம்.

மாடி என்றதும் இன்னொன்று. 2020 சேர்க்கைக்கு நான் எல்லாம் தயார் செய்துகொண்டு படியேறினேன். மொட்டை மாடிக் கதவில் பூட்டு. வாட்ச்மேனிடம் கேட்டால் சாவி சொசைட்டி செயலாளரிடம் என்றார். செயலாளர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சாவி வந்து சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது பத்தே நிமிடம். சாவியை இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

நகர வெளிச்சத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வியாழனைவிட வெள்ளி ஏழு மடங்கு பிரகாசம். அந்த வியாழனே வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைவிட ஒளி மிகுந்தது. தெருவிளக்கு இவற்றை ஒன்றும் செய்யாது.

மேகம்தான் செய்யும். மும்பைக்குத் தென்மேற்குப் பருவமழை வந்து சேர வானிலைத் துறை வைத்திருக்கும் சராசரித் தேதி ஜூன் 11. உங்கள் நாளுக்கு இரண்டே நாள் தள்ளி! ஆனால் சராசரியை நம்பி எதுவும் சொல்ல முடியாது. 2025இல் மே 26க்கே வந்து இறங்கியது. 2023இல் ஜூன் 25 வரை காக்க வைத்து, டில்லிக்கும் மும்பைக்கும் ஒரே நாளில் வந்தது. அதனால் ஒன்பதாம் தேதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளி வியாழனை நோக்கி நாளுக்கு ஒரு டிகிரி வீதம் நகர்கிறது. ஒன்பதாம் தேதி இடைவெளி 1.6 டிகிரி, அதாவது மூன்று முழுநிலாவை வரிசையாக வைக்கிற தூரம். 8, 10 தேதிகளில் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 7, 11 தேதிகளில் இரண்டரை. 5, 13 தேதிகளில்கூட நாலேகால்தான். வெறும் கண்ணுக்கு எட்டாம் தேதிக்கும் ஒன்பதாம் தேதிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 2023 மார்ச்சில் இவை அரை டிகிரிக்கு நெருங்கியதைப் பார்த்தவர்கள் இந்த முறை கொஞ்சம் ஏமாறலாம். இரண்டும் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது அந்த நாள் அல்ல, அந்த வாரம்தான். ஐந்தாம் தேதி வெள்ளி கீழே, வியாழன் மேலே. ஒன்பதாம் தேதி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில், வெள்ளி வலப்பக்கம். அதற்குப் பிறகு வெள்ளி மேலே ஏறிவிடும். பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து தினமும் இரண்டு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேகம் மூடிய நாளில் பக்கம் காலியாக இருக்கட்டும், பரவாயில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு வானிலைத் துறையின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை புதிதாக வரும். அரபிக்கடல் பக்கம் இடைவெளி தெரிந்தால் மேலே போங்கள். மழை கழுவிவிட்டுப் போன வானத்தில் அவை இன்னும் சுத்தமாகத் தெரியும்.

இப்போது டெலஸ்கோப். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் பெட்டியோடு 25 மிமீ ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற லென்ஸ், வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். குழாயில் போட்டிருக்கும் 900ஐ 25ஆல் வகுத்தால் 36; அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். சாதாரண ஐபீஸில் அப்போது தெரிகிற வட்டம் சுமார் 1.4 டிகிரி. கிரகங்களின் இடைவெளியோ 1.6. இரண்டும் ஒரே வட்டத்துக்குள் அடங்காது! ஒன்று உள்ளே வரும்போது மற்றது வெளியே போய்விடும். கோளாறு என்று டெலஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். 32 மிமீ ஐபீஸ் இரவல் கிடைத்தால் 28 மடங்கில் மயிரிழையில் அடங்கும். ஜோடியாகப் பார்க்க என் யோசனை 10x50 பைனாகுலர். அதில் ஆறு டிகிரிக்கு மேல் தெரியும். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் வியாழனை ஒட்டி அதன் நிலாக்கள் ஊசிமுனையாகத் தெரியும்.

டெலஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 36 மடங்கில் வியாழனின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நாலு நிலா வரை தெரியும். வெள்ளியை மட்டும் சீக்கிரம், ஏழரை வாக்கில், வானம் நீலமாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். இருட்டினால் அதன் பளபளப்பில் கண் கூசி உருவம் தெரியாது. 10 மிமீ ஐபீஸ் போட்டால் முக்கால் பங்கு ஒளிர்கிற, ஒரு பக்கம் குறைந்த வட்டம் கிடைக்கும். நிலாவைப் போல வெள்ளியும் வளர்ந்து தேயும்; அது பழுதல்ல. ஒரு கண்டிப்பு: சூரியன் முழுக்க மறைவதற்கு முன் பைனாகுலரையோ டெலஸ்கோப்பையோ மேற்கே திருப்பவே கூடாது.

போனில் எடுப்பதானால் சாதாரண 1x வேண்டாம். படத்தின் நீளத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் இவற்றின் இடைவெளி. இரண்டு தூசி மாதிரி இருக்கும். 3x, 5x லென்ஸ் இருந்தால் அதை வைத்து, போனைச் சுவரில் சாய்த்து, டைமரில் எடுங்கள். வெள்ளியைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். லென்ஸைத் துடைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். ஜூன் மாத மும்பையில் எதிலும் பிசுபிசுப்பு.

வீட்டில் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். வெள்ளிக்கு வலப்பக்கம் இரண்டு நட்சத்திரம் தெரியும். அவைதான் புனர்பூசம். திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் குரு அப்போது புனர்பூசம் நாலாம் பாதத்தில். தாளில் பார்த்ததை வானத்தில் பார்க்கிற வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். அவரிடம் இதையும் சொல்லுங்கள்: பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் வெள்ளி சுமார் 18 கோடி கிலோமீட்டர் தூரத்தில், வியாழன் 90 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வெள்ளியின் ஒளி பத்து நிமிடம் பழசு, வியாழனின் ஒளி ஐம்பது நிமிடம்.

கீழே, சூரியன் மறைந்த பக்கமாக ஒன்றரை முஷ்டி தள்ளித் தெரிகிற சின்னப் புள்ளி புதன்.

சரி, முழு வாரமும் மழை என்றால்? ஜூன் 16, 17 மாலைகளில் மெல்லிய பிறைநிலா இதே பக்கம் வந்து இந்தக் கூட்டத்தில் சேர்கிறது. அதற்குள் வெள்ளியும் வியாழனும் ஏழெட்டு டிகிரி விலகியிருக்கும். ஆனாலும் மாடிச் சாவியை அதுவரை திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.