டேலி காத்திருந்த இருபது நிமிடம்

அன்புள்ள சார்,

1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக் வீடியோ ஒன்றை நண்பர் அனுப்பினார். நீண்ட தூரப் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற நார்வேக்காரர், கடைசியாக வந்து சேர்ந்த கென்ய வீரரைக் கோட்டருகே நின்று கட்டிப்பிடிக்கிறார். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கென்யருக்குப் பணம் கொடுத்தது நைக்கி கம்பெனி என்று பிறகு படித்தேன். அப்படியென்றால் அது விளம்பரம்தானே? விளம்பரம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஜெயித்தவர் தோற்றவர்மேல் காட்டும் இரக்கத்தை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணம் நைக்கியுடையதுதான். கென்ய ஓட்டக்காரர்களின் மூச்சுத்திறன் பனியிலும் எடுபடுமா என்று பார்க்க ஆசைப்பட்டார்கள்; பிலிப் போயிட் என்ற 800 மீட்டர் ஓட்டக்காரரைப் பின்லாந்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். 1996ல்தான் அவர் பனியையே முதன்முதலாகப் பார்த்தார். இதெல்லாம் சரி. ஆனால் இரக்கம் என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த நார்வேக்காரர் பியோர்ன் டேலி. 1988 கால்கரி ஒலிம்பிக்குக்கு மாற்று வீரராகப் போய், எந்தப் பந்தயத்திலும் இறங்காமல் திரும்பியவர். அதற்கடுத்த மூன்று ஒலிம்பிக்குகளில் எட்டுத் தங்கம், நான்கு வெள்ளி. குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை யாரும் இவ்வளவு வாங்கியதில்லை. ஆனால் எனக்கு அவரைப் பற்றி நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது ஒரு தோல்வி. 1994, லில்லஹாமர், சொந்த நாட்டு மக்கள் சூழ்ந்து நிற்க, நாலு பேர் ஆளுக்குப் பத்து கிலோமீட்டர் போகும் தொடர் பந்தயம். கடைசி ஆளாக டேலி. மொத்தம் நாற்பது கிலோமீட்டர் போன பிறகு, இத்தாலியின் சில்வியோ ஃபவுனரிடம் 0.4 வினாடியில் தங்கத்தை விட்டார்.

நாகானோவுக்கு வருவோம். அங்கே முதல் பந்தயம் 30 கிலோமீட்டர், கிளாசிக் முறை. ஸ்கீ என்கிற, காலில் மாட்டும் நீளமான சறுக்குப் பலகைகள் இரண்டையும் இணையாக வைத்து முன்னே உந்திப் போவது. இந்த முறையில் ஸ்கீயின் நடுவில், பாதத்துக்கு அடியில், ஒரு மெழுகு தடவுவார்கள். காலை ஊன்றி உந்தும்போது அது பனியைப் பிடிக்க வேண்டும், சறுக்கும்போது விட்டுவிட வேண்டும். பனியின் ஈரமும் குளிரும் கொஞ்சம் மாறினாலும் மெழுகு காலை வாரிவிடும். ஒன்று பிடிப்பே இருக்காது, இல்லையென்றால் பனி அடியில் கட்டிக்கொண்டு ஸ்கீ நகராது. உலகத்திலேயே சிறந்தவர் என்று பெயரெடுத்த டேலி அன்று வந்தது இருபதாவது இடம். தங்கம் பின்லாந்தின் மிகா முல்லுலாவுக்கு.

மூன்று நாள் கழித்துத்தான் உங்கள் வீடியோவில் இருக்கும் 10 கிலோமீட்டர். இதில் எல்லோரும் சேர்ந்து ஓடுவதில்லை, அரை நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். பக்கத்தில் போட்டியாளர் இல்லை, கடிகாரத்தோடுதான் போட்டி, காட்டுக்குள் பெரும்பாலும் தனியாகத்தான் போக வேண்டும். டேலி 27 நிமிடம் 24.5 வினாடியில் முடித்தார். போயிட் 47 நிமிடம் 25.5 வினாடி, 92ஆவது, கடைசி இடம். பதக்க மேடைக்கு வரச்சொல்லியும் டேலி போகவில்லை. உச்சபட்ச முயற்சிக்குப் பிறகு, வியர்வையில் நனைந்த உடம்போடு, அந்தக் குளிரில் நின்றார்.

இரக்கமாக இருந்தால் பதக்கத்தை வாங்கிவிட்டு வந்து தோளில் தட்டிக்கொடுத்திருக்கலாம், அதுவே செய்தியாகியிருக்கும். காட்டுக்குள்ளே போயிட் என்ன பாடுபட்டுக்கொண்டிருப்பார் என்பது அங்கிருந்தவர்களில் டேலிக்கு நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம். மூன்று நாள் முன்புதான் சொல்பேச்சுக் கேட்காத ஸ்கீயோடு அவரே முப்பது கிலோமீட்டர் போயிருக்கிறார். இரண்டு வருடப் பழக்கத்தில் ஒருவர் அதே தடத்தை விடாமல் முடிக்கிறார் என்றால் அதன் விலை அவருக்குத் தெரியாதா? அதை நான் மரியாதை என்றுதான் சொல்வேன்.

அதே நாகானோவில் பத்து நாள் கழித்து 50 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போன பந்தயம், டேலி ஜெயித்தது வெறும் எட்டு வினாடியில். கோட்டைத் தாண்டியதும் பனியிலேயே விழுந்து கிடந்தார். அதுதான் அவருடைய கடைசி ஒலிம்பிக் பந்தயம். 1999ல் கோடைப் பயிற்சியின்போது, சக்கரம் வைத்த ஸ்கீயில் விழுந்து முதுகில் அடிபட்டது. அதிலிருந்து மீளவே முடியாமல் 2001ல் ஓய்வை அறிவித்தார்.

போயிட் விஷயத்துக்கு வருகிறேன், விளம்பரம் என்றீர்களே. நைக்கி அப்புறம் கையை விட்டுவிட்டது. அதன் பிறகும் அவர் 2002 சால்ட் லேக் சிட்டிக்கும் 2006 டூரினுக்கும் வந்து பனியில் இறங்கினார். நாகானோவுக்குப் பிறகு பிறந்த மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார்.