ஸ்லோ நிக்குதில்லை: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கொறோலா 110, 5ஏ எஞ்சின். சந்தியில நிக்கேக்க நூந்து போகுது எண்டு குடுக்க, திறொட்டில் பொடியில இருக்கிற ஒரு ஸ்குறூவைத் திருப்பி ஸ்லோ கூட்டித் தந்தவை. இப்ப நிமிசத்துக்கு 1400 சுற்றில நிக்குது, பெற்றோலும் கூடக் குடிக்குது. திறொட்டில் பொசிஷன் சென்சரை மாத்த வேணுமோ? (மல்லாவி)

சென்சரை இப்போதைக்கு விடுங்கள். அவர்கள் திருப்பியது ஸ்லோவை, அதாவது காலை எடுத்தபின் எஞ்சின் ஓடுகிற வேகத்தை, கூட்டிக் குறைக்கிற ஸ்குறூ அல்ல. பட்டர்பிளை, அதாவது திறொட்டில் பொடிக்குள் காற்று வழியைத் திறந்து மூடுகிற தகடு, பொடியில் போய்ச் சிக்காமல் தாங்குகிற ஸ்டொப் ஸ்குறூ அது. கொம்பனியில் வைத்துப் பெயின்ற் பொட்டு இட்டு அனுப்புவார்கள். அதைத் திருப்பினால் பட்டர்பிளை கொஞ்சம் திறந்தபடியே நிற்கும். சென்சருக்குள் இருக்கிற ஐடில் தொடுப்பு விட்டுப்போகும். கொம்பியூற்றர் உங்கள் கால் அக்சிலேற்றரில் இருப்பதாக நினைத்து, ஸ்லோவைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்காது. காலை எடுத்து வாகனம் தன்பாட்டில் உருளும்போது பெற்றோலை நிறுத்துகிற வேலையையும் செய்யாது. பெற்றோல் கூடப் போவது அதனால்தான்.

திரும்பிப் போகிற வழி இது. முதலில் திறொட்டில் பொடியைத் துப்புரவாக்குங்கள். ஊத்தை இருக்கும்போது எந்த அளவும் சரிவராது. அக்சிலேற்றர் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டொப் ஸ்குறூவை லிவரை விட்டு விலகும்வரை கழற்றி, பட்டர்பிளையை முழுதாக மூட விடுங்கள். பிறகு லிவருக்கும் ஸ்குறூவுக்கும் இடையில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்து மெல்ல மெல்ல உள்ளே திருப்புங்கள். கடதாசி பிடிபடுகிற இடம்தான் தொடுகிற இடம். கடதாசியை எடுத்துவிட்டு அதிலிருந்து கால் சுற்று மட்டும் கூட்டி லொக் நட்டை இறுக்குங்கள். கையால் திறந்து விட்டால் சிக்காமல் 'டக்' என்று வந்து மூட வேண்டும்.

சென்சர் அதற்குப் பிறகுதான். சாவியை நிறுத்திச் சொக்கற்றைக் கழற்றுங்கள். நாலு பின் இருந்தால் ஐடிஎல் (ஐடில் தொடுப்பு), ஈ2 (ஏர்த்) என்ற இரண்டு பின்னுக்கும் இடையில் மீற்றரை ஓமில் வையுங்கள். ஸ்டொப் ஸ்குறூவுக்கும் லிவருக்கும் நடுவே பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற) தகட்டைச் செருகி, சென்சரின் இரண்டு ஸ்குறூவையும் அரைச் சுற்றுத் தளர்த்திச் சென்சரைத் திருப்புங்கள். மெல்லிய தகட்டில் தொடுப்பு இருக்க வேண்டும், அடுத்த தடிப்பில் விட வேண்டும். இரண்டுமே ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்குகிற அளவுகள். எஞ்சினுக்கு எஞ்சின் மாறுவதால் உங்கள் எஞ்சின் புத்தகத்து எண்ணையே எடுங்கள். ஸ்குறூவை இறுக்கும்போது சென்சர் ஒரு மயிரளவு நகரும், ஆகவே இறுக்கிய பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மூன்று பின் மட்டும் என்றால் ஐடில் தொடுப்பே இல்லை, வோல்ற்றேஜ்தான் கணக்கு. சொக்கற்றைப் போட்டு, சாவியை ஓனில் வைத்து, விடிஏ (சிக்னல்), ஈ2 இரண்டுக்கும் இடையில் பாருங்கள். மூடியிருக்கும்போது 0.3 முதல் 0.8 வோல்ற், முழுதாகத் திறந்தால் 3.2 முதல் 4.9. மெதுவாகத் திறக்கும்போது ஊசி துள்ளாமல் ஏற வேண்டும். இதற்கு டிஜிற்றல் மீற்றரை விடப் பழைய ஊசி மீற்றர் நல்லது. துள்ளினால் சென்சருக்குள் தடம் தேய்ந்துவிட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும், திருப்பிச் சரிக்கட்ட முடியாது.

அதே மாதிரிக் கார். விடிய ஸ்ராட் பண்ணினா 1000, 1800, 1000, 1800 எண்டு ஊஞ்சல் ஆடுது. றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணிதான் விடுறது. அதுவும் காரணமோ? (பரந்தன்)

காரணமாக இருக்க நிறைய இடமுண்டு. ஊஞ்சல் எப்படி வருகிறது என்றால், எங்கோ ஓரிடத்தால் கூடுதல் காற்று உள்ளே போய் எஞ்சின் வேகம் ஏறுகிறது. பட்டர்பிளை மூடியிருக்கிறது, வேகமோ அதிகம். வாகனம் இறக்கத்தில் உருளுகிறது என்று கொம்பியூற்றர் எண்ணிப் பெற்றோலை நிறுத்தும். வேகம் விழுந்ததும் திரும்பக் கொடுக்கும். பிறகு மீண்டும் ஏறும். ஆகவே ஆடுகிறது என்றால் சென்சர் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள். தேட வேண்டியது காற்று வருகிற வழியை.

திறொட்டில் பொடிக்குக் கீழே இருக்கிற ஸ்லோ வால்வுக்குப் பக்கத்தால் கூலன்ற் ஓடுகிறது. அந்தச் சூடு போய்ச் சேராவிட்டால் வால்வு திறந்தபடியே நின்று கூடுதல் காற்றை விடும். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் அந்தச் சின்னக் குழாயையும் அடைக்கும். சூடான பிறகு அதற்குப் போகிற இரண்டு ஹோசையும் தொட்டுப் பாருங்கள். மேல் றேடியேற்றர் ஹோஸ் சுட, இவை குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை: அடைப்பு, அல்லது மட்டம் குறைந்து காற்றுப் புகுந்திருக்கிறது. ஹோசைக் கழற்றிக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். எங்களுக்கு எங்கே பனி என்று கேட்பார்கள். கூலன்ற் இங்கே துருவுக்கும் கொதிப்புக்கும்தான். றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து, ஹீற்றரைச் சூட்டில் போட்டு, குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓட விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறக்க வேண்டும்.

அடுத்தது வக்கூம் ஹோஸ்கள். ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்க வேகம் இறங்குகிறதோ அந்த வழியால்தான் காற்று. வெடித்த ஹோசை ரேப் சுற்றி வைக்காதீர்கள்.

கிரவல் றோட்டால ஒவ்வொரு நாளும் ஓட்டம். திறொட்டில் பொடி கறுத்துப் போகுது. எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் கழுவ வேணும்? (ஒட்டுசுட்டான்)

கறுப்புப் பசை புழுதி அல்ல. எஞ்சினுக்குள்ளிருந்து வருகிற எண்ணெய்ப் புகை. அது 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். செம்மண் நிறத்தில் மெல்லிய படை இருந்தால்தான் பயப்பட வேண்டும். பில்ற்றர் பெட்டியின் கிளிப் சரியாகப் பூட்டவில்லை, அல்லது றப்பர் ஹோஸ் மடிப்பில் வெடித்திருக்கிறது. அந்த மண் பிஸ்ரன் றிங்கைத் தின்னும்.

கழுவும்போது ஸ்பிறேயை நேரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். சென்சர் பக்கம் நனையக் கூடாது. சில பொடிகளில் உள்ளே கறுப்புப் பூச்சு கொம்பனியே போட்டது. வெள்ளி தெரியும்வரை உரஞ்சினால் மூடியபோதும் காற்றுப் போகும். பட்டர்பிளை மோட்டரில் இயங்குகிற வாகனமென்றால் சாவி ஓனில் இருக்கும்போது விரலை உள்ளே விட வேண்டாம்.

நிஸான் மார்ச் கே12. திறொட்டில் கழுவின பிறகு ஸ்லோ 1200க்குக் கீழ இறங்குதில்லை. திருப்ப ஸ்குறூவும் இல்லை. (வவுனியா)

இதில் திருப்ப ஒன்றும் இல்லை, படிப்பிக்கத்தான் இருக்கிறது. ஊத்தையோடு பழகிய கொம்பியூற்றர் அதே திறப்பைத்தான் இப்போதும் கொடுக்கிறது. ஸ்கானரால் செய்வது சுகம். இல்லாவிட்டால் கையில் மணிக்கூட்டோடு இதைச் செய்யுங்கள். எஞ்சினும் கியரும் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். பற்றறி எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது 12.9 வோல்ற்றுக்கு மேல், ஏசி, லைற் எல்லாம் ஓப், ஸ்ரியறிங் நேராக, கியர் பார்க் அல்லது நியூற்றலில்.

அக்சிலேற்றரைத் தொடாமல் சாவியை ஓன் செய்து 2 செக்கன், ஓப் செய்து 10 செக்கன். இதை இரண்டு தரம் செய்யுங்கள். ஓப் செய்யும்போது பட்டர்பிளை அசைகிற சத்தம் கேட்கும். பிறகு சாவி ஓன், 3 செக்கன் பொறுங்கள். அடுத்த 5 செக்கனுக்குள் அக்சிலேற்றரை முழுதாக 5 தரம் மிதித்து விடுங்கள். 7 செக்கன் பொறுத்து, முழுதாக மிதித்துப் பிடியுங்கள். ஏறத்தாழ 20 செக்கனில் எஞ்சின் லைற் மினுங்குவதை விட்டு நின்று எரியும். எரிந்த 3 செக்கனுக்குள் காலை எடுத்து ஸ்ராட் பண்ணி, 20 செக்கன் தொடாமல் விடுங்கள். முதல் தடவை பிழைப்பது வழமை. சாவியை ஓப் செய்து 10 செக்கன் விட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பல தரம் செய்தும் இறங்காவிட்டால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

ஸ்கானரில பி0122 எண்டு வருது. சென்சர் ரெண்டு மாத்தியாச்சு, லைற் போகுதில்லை. (முள்ளியவளை)

மூன்றாவதை வாங்காதீர்கள். அந்த எண் சொல்வது திறொட்டில் சென்சரின் சிக்னல் வோல்ற்றேஜ் குறைவு என்பதை மட்டும்தான். சொக்கற்றைக் கழற்றிச் சாவியை ஓனில் வைத்து, வயர்ப் பக்கத்தில் விசி (சென்சருக்கு வருகிற கரன்ற்), ஈ2 இரண்டுக்கும் இடையில் அளந்து பாருங்கள்: 4.5 முதல் 5.5 வோல்ற் வர வேண்டும். வராவிட்டால் பிழை சென்சரில் இல்லை, முதலில் வயரைப் பாருங்கள். நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் வாகனம் நிற்கிறதா? எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற வயர்க்கட்டை எலி கடித்திருக்கலாம். கடற்கரைப் பக்கம் ஓடுகிற வாகனமென்றால் பின்னில் பச்சை பூத்திருக்கும். ஊசியால் சுரண்டாமல் கொன்ராக்ட் கிளீனர் போடுங்கள்.

ஏசி போட்டா மட்டும் எஞ்சின் நடுங்குது. (புதுக்குடியிருப்பு)

ஏசி போடும்போது ஸ்லோவைத் தூக்கிவிடுகிற வால்வு ஒட்டியிருக்கும். அதைக் கழுவுங்கள், எஞ்சின் மவுண்ட்டையும் பாருங்கள்.

டொல்பின் ஹையேஸ், டீசல். சென்சர் எங்க இருக்கு? (மாங்குளம்)

சாதாரண பம்ப் வைத்த பழைய டீசலில் ஸ்லோவுக்குச் சென்சரைத் தேட வேண்டாம். இன்ஜெக்ரர் பம்ப் லிவர் வந்து முட்டுகிற ஸ்குறூதான் ஸ்லோ. சூடான பிறகு லொக் நட்டைத் தளர்த்திக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் வையுங்கள். பம்புக்குப் பின்னால் சீல் வைத்திருக்கிற ஸ்குறூவில் கை வைக்க வேண்டாம், அது டீசல் அளவு.