விண்டோஸில் தமிழ்க் கோப்புப் பெயர் ஏன் கேள்விக்குறிகளாகிறது?

சி நிரலில் ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல்ஏ என்ற, கோப்புகளைத் தேடும் விண்டோஸ் செயற்கூறு தரும் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருவதாகவும், அவற்றைக்கொண்டு கோப்பைத் திறக்க முடியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள்.

‘ஏ’ என முடியும் செயற்கூறுகள் கணினியின் ஆன்ஸி குறிமுறைப் பக்கத்தின் (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய அட்டவணை) வழியே சரத்தை, அதாவது எழுத்து வரிசையை, மாற்றுகின்றன. தமிழுக்கு அப்படியொரு பக்கம் விண்டோஸில் இல்லாததால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகின்றன, கேள்விக்குறியோ கோப்புப் பெயரில் வரக்கூடாத குறி. ஆகவே யுடிஎஃப்-16 (யூனிகோடை 16 பிட் அலகுகளாக எழுதும் முறை) சரம் வாங்கும், அதே செயற்கூறுகளின் ‘டபிள்யூ’ வடிவங்களையே அழையுங்கள்.

உங்களிடம் இருப்பது யுடிஎஃப்-8 (யூனிகோடை 8 பிட் அலகுகளாக எழுதும் முறை) சரம் என்றால், மல்ட்டிபைட்டுவைட்சார் என்ற செயற்கூறைக் கொண்டு யுடிஎஃப்-16ஆக மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘சென்னை’ கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடிலோ ச, எகரக் குறி, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என 6 குறியீடுகள். யுடிஎஃப்-8இல் 18 பைட், யுடிஎஃப்-16இல் 12 பைட். சரத்தின் முடிவைக் காட்டும் சுழியத்தோடு, இரண்டு பைட் கொண்ட 7 இடங்கள் போதும். ஆனால் அச்செயற்கூறின் கடைசி அளவுரு இடங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறது, பைட்டுகளை அல்ல. அதில் பைட் கணக்கைத் தரும் சைஸ்ஆஃப் மதிப்பைக் கொடுத்து, தரமணி அலுவலகத்தில் ஒரு நாள் முழுவதையும் தொலைத்தவன் நான்.

விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், மேனிஃபெஸ்டில் (நிரலைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில்) யுடிஎஃப்-8ஐ அறிவித்தால் ‘ஏ’ வடிவங்களும் தமிழை ஏற்கும். லினக்ஸில் இந்த இரட்டை வடிவமே கிடையாது. பெயர் வெறும் பைட் வரிசையாகவே இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் போகிறது.