துணி விழ இடம் வேண்டும்: ஃப்ரன்ட் லோட் டிரம்மை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஒன்பது வருடமாக ஓடிய ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினை மாற்றப் போகிறேன். இரண்டு மாடல்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே 8 கிலோ. ஒன்றின் டிரம் முழுக்க வைரம் மாதிரிப் பட்டை பட்டையாகக் குழிகள். டிரம் கொள்ளளவு 58 லிட்டர். மற்றதில் சாதாரணத் துளைகள்தான், ஆனால் 65 லிட்டர். முதல் மெஷின்தான் அழுக்கை நன்றாக எடுக்கும் என்கிறார் விற்பனையாளர். பழைய மெஷினில் சட்டைக் காலர் அழுக்கு சரியாகப் போகாததுதான் என் பெரிய குறை. எந்த டிரம் நன்றாகத் துவைக்கும்?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால், 65 லிட்டர் டிரம்தான். வைரக் குழிகளில் ஒரு பயன் உண்டு, ஆனால் அது நீங்கள் தேடும் பயன் இல்லை. டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கிவிடும். நான் மெஷின்களைக் கழற்றிப் பூட்டும் வேலையில் இருப்பவன். துவைப்பு சரியில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் விளக்குவேன்.

ஃப்ரன்ட் லோடில் டிரம் படுத்த வாக்கில் இருக்கிறது. தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். துணி அதில் ஊறி, டிரம்மோடு மேலே ஏறி, ஓர் உயரத்தில் பிடி விட்டு, மறுபடி அடியில் போய் விழுகிறது. விழும்போது ஈரத் துணி தன் எடையாலேயே நசுங்கும். இழைகளுக்குள் இருக்கும் சோப்புத் தண்ணீர் பிதுங்கி வெளியே வரும், அடுத்த சுற்றில் வேறு தண்ணீர் உள்ளே போகும். கையால் அடித்துத் துவைக்கும்போது நடப்பதும் இதுவே. அழுக்கைக் கிளப்புவதில் பெரும்பங்கு இந்த விழுதலுக்குத்தான். டிரம் துணியைச் சுரண்டுவதால் வெளுப்பு வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். சுரண்டுகிற டிரம் துணியைக் கிழிக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும்? வேகம் கூடிப்போனால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு டிரம்மோடேயே சுற்றும், விழவே விழாது. 48 செ.மீ. விட்டமுள்ள டிரம்மில் அந்த எல்லை நிமிடத்துக்குச் சுமார் 61 சுற்று. மிக மெதுவாகச் சுற்றினாலோ துணி அடியிலேயே புரண்டுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில், எல்லை வேகத்தின் முக்கால் பங்கில், விழும் உயரம் உச்சத்தைத் தொடுகிறது. இந்த டிரம்முக்கு அது ஏறத்தாழ 46 சுற்று. கதவுக் கண்ணாடியைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். டிரம் வலஞ்சுழியாகச் சுற்றும்போது துணி 10 மணிப் பக்கத்தில் பிடி விட்டு 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் விழ வேண்டும். நன்றாகத் துவைக்கிற மெஷினில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

விழும் உயரம் டிரம்மின் அளவைப் பொறுத்தது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதிகபட்ச உயரம் டிரம் ஆரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரும். 48 செ.மீ. விட்டத்தில் 37 செ.மீ., 52 செ.மீ. விட்டத்தில் 40 செ.மீ. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மூன்றே செ.மீ. இந்தக் கணக்கு காலி டிரம்மில் ஒற்றைத் துணி விழுவதற்கானது. நிஜத்தில் அடியில் ஒரு துணிக் குவியல் கிடக்கிறது. அது எவ்வளவு மேலே வருகிறதோ அவ்வளவு உயரம் குறையும். டிரம்மைத் திணித்து நிரப்பினால் 37 செ.மீ. என்பது ஒன்றுமில்லாமல் போய்விடும். எல்லாத் துணியும் ஒரே பொட்டலமாகச் சேர்ந்து உருளும். பொட்டலத்தின் நடுவில் மாட்டிய சட்டை, போன மாதிரியே அழுக்கோடு வெளியே வரும்.

ஆகவே உங்கள் இரண்டு மாடல்களில் நான் முதலில் பார்த்தது லிட்டரை. 8 கிலோ துணிக்கு 58 லிட்டர் என்றால் கிலோவுக்கு 7 லிட்டர் சொச்சம்; 65 லிட்டர் என்றால் 8 லிட்டருக்கு மேல். கிலோக் கணக்கு மெஷினின் முகத்தில் பெரிதாக எழுதியிருக்கும். லிட்டர் கணக்கு விவரப் பட்டியலில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும், சில நேரம் கேட்டால்தான் சொல்வார்கள். துணிக்கு எவ்வளவு இடம் என்பதைச் சொல்வது லிட்டர்தான். கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 8 கிலோ பருத்தித் துணிக்கான புரோகிராமுக்கு மட்டும் சொன்னது. செயற்கை இழைத் துணிக்கு அதில் பாதி அளவுதான் போடலாம், கம்பளிக்கு அதைவிடவும் குறைவு. கையேட்டில் புரோகிராம் வாரியாக அளவு கொடுத்திருப்பார்கள். எடை போட்டுப் பார்க்க முடியாதவர்கள், துணியை உதறிப் போட்ட பிறகு உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்திக் குவியலுக்கு மேல் நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இரண்டு துணியை எடுத்துவிடுங்கள்.

டிரம்மின் வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான மெஷினின் அகலம் 60 செ.மீ. அதற்குள் டிரம், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டி, தொட்டி ஆடுவதற்குக் கொஞ்சம் இடைவெளி எல்லாம் அடங்க வேண்டும். விட்டத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது, அதனால் லிட்டரைக் கூட்டப் பெரும்பாலும் ஆழத்தைத்தான் கூட்டுகிறார்கள். இரண்டு டிரம் ஒரே லிட்டராக இருந்தால், அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் துணி கூடுதல் உயரத்திலிருந்து விழும். ஆழமான டிரம்மில் துணி பின்பக்கமாகப் போய் ஒதுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டிரம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள். பெரும்பாலும் மூன்று இருக்கும். அவை இல்லையென்றால் ஈரத் துணி வழவழப்பான எஃகில் வழுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கும். துணியைத் தூக்குவது அவைதான். துடுப்பு உயரமாக இருந்தால் துணி உறுதியாக ஏறும். தாழ்வாகவும் வளைவாகவும் இருந்தால் துணி மென்மையாகப் புரளும். சில துடுப்புகளின் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இருக்காது. ஒரு பக்கம் செங்குத்து, மறு பக்கம் சரிவு. டிரம் ஒரு திசையில் சுற்றினால் அழுத்தமான துவைப்பு, எதிர்த் திசையில் சுற்றினால் மென்மையான துவைப்பு. துடுப்பிலேயே ஓட்டை வைத்த மாடல்களும் உண்டு. அடியில் தண்ணீரை மொண்டுகொண்டு போய், மேலே போனதும் துணியின் தலையில் ஊற்றும். தண்ணீர் குறைவாக எடுக்கும் மெஷினில் இது நிஜமாகவே உதவுகிறது. துணி முழுக்கச் சீக்கிரம் நனையும், சோப்பும் பரவலாகப் போய்ச் சேரும், அலசலும் மேம்படும். உங்கள் இரண்டு மாடலிலும் துடுப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்த வைரக் குழிகள். சுவரில் மேடு பள்ளம் வைப்பது புதிதல்ல. தேன்கூடு வடிவ டிரம்மை மீலே நிறுவனம் 2001-ல் கொண்டுவந்தது. வேறு நிறுவனங்கள் தங்கள் வடிவங்களோடு வந்தன. இவற்றின் அடிப்படை நோக்கம் துணியைக் காப்பது. மேடு பள்ளத்தில் தண்ணீர் மெல்லிய படலமாகத் தங்குவதால் துணி சுவரில் உரசாமல் வழுக்கிப் போகும். கூடவே துளைகளைச் சிறிதாக்கிப் பள்ளத்துக்குள் அல்லது மேட்டுக்கு நடுவில் ஒதுக்கி வைக்கிறார்கள். பிழியும்போதுதான் அதன் அருமை தெரியும். 48 செ.மீ. டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓடும்போது துணி தன் எடையைப் போல 380 மடங்குக்கும் மேலான விசையோடு சுவரில் அழுந்துகிறது. ஒரு கிலோ ஈரத் துண்டு 380 கிலோ கனத்தோடு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை பெரிதாக இருந்தால் துணி அதற்குள் புடைத்துக்கொண்டு போகும். மெல்லிய துணியில் நூல் இழுபடுவதும், துணி முழுக்கச் சிறு சிறு புள்ளிகளாகத் தடம் விழுவதும் இதனால்தான். பட்டு, மென்மையான உள்ளாடை, பின்னலாடை என்று நிறையத் துவைக்கும் வீட்டுக்கு இந்த வகை டிரம்மை நானே சொல்வேன். சட்டைக் காலருக்கு அது எதுவும் செய்யாது.

சிறு துளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஹேர்பின், உள்ளாடைக் கம்பி போன்றவை துளை வழியாக வெளித்தொட்டிக்குள் போவது குறையும். அங்கேதான் ஹீட்டர் இருக்கிறது; அதற்கும் டிரம்முக்கும் இடையில் கம்பி மாட்டிக் கடகடவென்று அடித்த மெஷின்களைத் திறந்திருக்கிறேன். எந்த டிரம்மாக இருந்தாலும் உள்ளாடைகளை வலைப் பையில் போட்டுத் துவையுங்கள்.

சரி, காலருக்கு வருவோம். துவைப்பை நான்கு பங்காகப் பார்க்கும் ஒரு வட்டம் எங்கள் தொழிலில் பிரபலம். ஜெர்மனியின் ஹெங்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் வகுத்தது. வேதிப்பொருள், வெப்பம், நேரம், இயந்திர அசைவு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் துவைப்பு. ஒன்று குறைந்தால் மற்றவை ஈடுகட்ட வேண்டும். டிரம் அமைப்பு இந்த நான்கில் அசைவு என்ற ஒரே பங்கைத்தான் தீர்மானிக்கிறது. காலர் அழுக்கு தோலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் தூசியும் சேர்ந்தது. குளிர்ந்த நீரில் 30 நிமிடப் புரோகிராமில் போட்டால் எந்த டிரம்மும் அதை முழுசாக எடுக்காது. காலரை நிமிர்த்தி, திரவ டிடர்ஜென்டைக் கொஞ்சம் தடவி, கால் மணி நேரம் விட்டு, துணியின் லேபிள் அனுமதித்தால் 40 டிகிரியில் முழுப் புரோகிராமில் போடுங்கள். பித்தான்களைக் கழற்றிவிட்டுப் போடுவதும் நல்லது. பூட்டிய சட்டைக்குள் மற்ற துணி நுழைந்து சுருண்டுவிடும்.

அப்புறம், நுரை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அழுக்குப் போகவில்லை என்றதும் சோப்பைக் கூட்டுவது எல்லோரும் செய்வது. சோப்பு கூடினால் டிரம்முக்குள் நுரை மெத்தை மாதிரி நிரம்பும். துணி 37 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலும் மெத்தையில்தான் விழும், அடியே படாது. ஆக, சோப்பைக் கூட்டக் கூட அசைவின் பலன் குறைகிறது. அலசலும் கெட்டுப்போய், தங்கிய சோப்பு அடுத்த அழுக்கைப் பிடித்து வைக்கிறது. ஃப்ரன்ட் லோடுக்கென்று விற்கும் நுரை குறைந்த டிடர்ஜென்டை, பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் போடுங்கள். ஓடும்போது கண்ணாடியில் பாதிக்கு மேல் நுரை தெரிந்தால் அளவு அதிகம்.

கடைக்குப் போகும்போது கையைப் பயன்படுத்துங்கள். டிரம்முக்குள் கையை விட்டுச் சுவரையும் துளை விளிம்புகளையும் தடவிப் பாருங்கள். எங்கும் சுரசுரப்பு இருக்கக் கூடாது. ஒரு மெல்லிய கைக்குட்டையால் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும், பிசிர் இருந்தால் நூல் மாட்டும். துடுப்பைப் பிடித்து அசைத்தால் ஆடக் கூடாது. கதவுக் கண்ணாடி கிண்ணம் மாதிரி உள்ளே குவிந்து நிற்க வேண்டும். முன்பக்கம் வரும் துணியை டிரம்முக்குள் திருப்பி அனுப்புவது அதுதான்.

வாங்குவதற்கு முன் பழைய மெஷினிடம் ஒரு சோதனை செய்துவிடுங்கள். துடுப்பு மூன்றும் இடத்தில் இருக்கிறதா, ஏதாவது உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வருடம் ஓடிய மெஷினில் பிளாஸ்டிக் துடுப்பு கழன்று ஆடுவதும், ஒன்று இல்லாமலே போவதும் உண்டு. அது மட்டுமே காரணமாக இருந்தால் துடுப்பை மாற்றினால் போதும். துடுப்பு சரியாக இருந்தால், வழக்கமாகப் போடும் துணியில் பாதியை மட்டும் போட்டு, காலருக்குச் சொன்னதைச் செய்து, 40 டிகிரியில் ஒரு தடவை ஓட்டுங்கள். துணி 10 மணிப் பக்கத்திலிருந்து விழுகிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். காலர் வெளுத்துவிட்டால், இத்தனை நாள் டிரம் அளவுக்கு மீறித்தான் துணி போட்டு வந்திருக்கிறீர்கள், அல்லது காலருக்குத் தேவையான சூடும் நேரமும் கிடைக்கவில்லை. துணியின் அளவைக் குறைக்க வழியில்லாத வீடு என்றால் 8 கிலோவிலேயே நிற்காதீர்கள், அடுத்த அளவைப் பாருங்கள். அங்கேயும் கிலோவோடு லிட்டர் கூடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.