சாதாரண சளியா, சைனஸ் தொற்றா? எப்படித் தெரிந்துகொள்வது?

மூக்குச்சளி பச்சையாக வந்தாலே சைனஸ், உடனே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. சாதாரண சளியிலும் மூன்றாம் நாள் வாக்கில் மஞ்சளாக, பச்சையாக மாறுவது சகஜம்தான். நிறத்தை விடுங்கள், நாளை எண்ணுங்கள். சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். 10 நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது ஐந்தாறு நாளில் தேறி, அப்பாடா என்று உட்காரும்போது காய்ச்சலும் முகவலியும் திரும்ப வந்தால், பாக்டீரியா சைனஸ் தொற்றாக இருக்கலாம். குனிந்தால் கன்னத்திலோ நெற்றியிலோ பாரமாக வலிக்கும், சிலருக்கு மேல்பல் வலிக்கும் (பல் டாக்டரிடம் ஓடுபவர்களும் உண்டு). அந்தப் பத்து நாள் வரை ஆவி பிடியுங்கள், வெந்நீர் பத்திரம். ஆனால் கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை மங்கினாலோ நாள் எண்ணாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.