ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் முதன்முறையாகத் தனியே ஸ்கூட்டியில் தூரப் பயணம் போகலாமா?

போகலாம். உங்களுக்கு 52 வயது, ஸ்கூட்டி வடிவாக ஓடத் தெரியும், ஆனால் சந்தை, கோயில் தவிர வேறெங்கும் தனியாகப் போனதில்லை, வீட்டில் மறிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மறிப்பது யார் என்று எழுதவில்லை. கணவரும் வளர்ந்த பிள்ளைகளுமாகத்தான் இருக்கும். "உந்த வயசில உது தேவையே?" என்றிருப்பார்கள். எனக்கு அதைச் சொன்னது கனடாவில் இருக்கிற தம்பி.

நான் யாழ்ப்பாணம். பென்சன் எடுத்த பிறகு, அறுபதைக் கிட்டுகிற வயதில், ஒரு மாசி மாதம் விடியவே மன்னாருக்கு வெளிக்கிட்டேன். கண்டிக்குப் போகிற பெரிய ரோட்டான ஏ9 பாதையால் போகவில்லை. அதில் பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற வேகத்தில் ஸ்கூட்டிக்காரருக்குக் கரைகூட மிஞ்சாது. நாவற்குழியால் திரும்பி கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று போகிற ஏ32 பாதை. நூறு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும், வாகனம் குறைவு.

அதே பாதையால் திருக்கேதீச்சரத்துக்கு பஸ்ஸிலும் வானிலும் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். சங்குப்பிட்டிப் பாலம் வரும்போதெல்லாம் இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்க ஆசை வரும். பஸ் நிற்காது. வான் நின்றாலும் "வெயில் ஏறுது, கெதியா ஏறுங்கோ" என்பார்கள். இந்த முறை பாலம் முடிகிற இடத்தில் ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் மீன்பிடிக்கிற சிறகுவலையின் தடிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் திரும்ப ஊன்றிக்கொண்டு போனார். அவர் கடைசித் தடிக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தச் சந்தோசத்தை எனக்கு வடிவாகச் சொல்லத் தெரியவில்லை.

இளம் ஆட்களுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. இந்த நீரேரியை 90களின் தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், கிளாலியில் இரவோடிரவாகப் படகில் கடந்தவர்கள் நாங்கள். வெளிச்சம் காட்டக்கூடாது, குழந்தை அழுதால் தாய்க்கு உயிர் போய் வரும். 2002இல் ஏ9 திறந்தது, 2006 ஆவணியில் திரும்பப் பூட்டுப்பட்டது, பிறகு கொழும்புக்குக் கப்பலும் பிளேனும்தான். சங்குப்பிட்டியில் பாலம் வந்தது 2011 தையில். பாதை திறந்திருந்த காலத்தில் எனக்குப் பிள்ளைகளும் வேலையும். இப்பதான் பாதையும் இருக்கிறது, முழங்காலும் இயங்குகிறது.

பூநகரியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் பெடியன் கேட்டான்: "அம்மா தனியவோ வாறியள்?"

"ஓம் தம்பி."

வேறொன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து ரயரை அமத்திப் பார்த்துவிட்டு, "பின்னுக்குக் கொஞ்சம் காத்துக் காணாது அம்மா, அடிச்சிட்டுப் போங்கோ" என்று ஒட்டுக்கடையைக் காட்டினான். நான் வழியில் கண்ட சனம் இப்படித்தான்.

வேறொன்றையும் சொல்லவேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்களின் வீடுகளுக்குத் திறப்பு வைத்திருப்பது நான். வளவு கூட்டுவிக்கிறது, மோட்டர் போட்டுப் பார்க்கிறது, வரி கட்டுகிறது, நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வர முதல் கழுவித் துடைப்பிக்கிறது எல்லாம் நான்தான். அதற்கெல்லாம் என் வயது ஒருவருக்கும் தெரிவதில்லை. காணிப் பிரச்சினைக்குக் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், நாள் முழுக்கத் தனியாக நிற்கலாம், மன்னாருக்குத் தனியாகப் போகக்கூடாதாம். வளர்த்த தம்பி அதைச் சொன்னபோது எனக்கு உண்மையாகவே நொந்தது. அவனுக்குப் பயம்தான், பாசம்தான், எனக்கு விளங்குகிறது. ஆனால் அவன் பயத்துக்காக நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

பொம்பிளைகள் எல்லாரும் நினைத்தபாட்டுக்குத் திரியுங்கள் என்று நான் சொன்னதாக ஒருவரும் திரிக்கவேண்டாம். நெஞ்சுவருத்தம், சீனி உள்ளவர்கள் டொக்டரிடம் கதைத்துவிட்டுப் போகவேண்டும். கராச்சில் பிறேக்கைப் பார்ப்பியுங்கள். பெற்றோல் வழியில் கிடைக்கும் என்று நம்பாமல் ஊரிலேயே நிரப்புங்கள். விடிய வெளிக்கிட்டு மத்தியானத்துக்கு முதல் போய்ச் சேருங்கள், இரவு தங்குங்கள். நான் மன்னாரில் என்னோடு வேலை செய்த ஒருவர் வீட்டில் தங்கினேன். இருட்டினபிறகு ஓடவே வேண்டாம், கட்டாக்காலி மாடுகள் தார் ரோட்டில்தான் படுத்திருக்கும். அருவி வெட்டு நேரத்தில் சில இடங்களில் நெல்லை ரோட்டோரம் காயப் போட்டிருப்பார்கள். அதில் ஏறினால் சில்லு சறுக்கும், தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள்.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. வடக்கு என்றால் முதலில் இந்தப் பாதையையே ஓடிப் பாருங்கள். மாசி, பங்குனியில் போங்கள். சோளகம் என்கிற தென்மேல் காற்று எழும்பினபிறகு பாலத்தில் அது பக்கவாட்டில் ஸ்கூட்டியைத் தள்ளும்.